சூசைராஜின் இரண்டாவது துப்பாக்கி

யாங்கோன் நகரத்துத் தாமுவேயில் எங்கள் வீட்டுக்கு எதிர்மாடியில் குடியிருந்த சூசைராஜ் அண்ணனிடம் ஒரே ஒரு துப்பாக்கிதான் இருந்தது. இது எனக்குத் தெரியும். அவர் மனைவி ராஜகுமாரி அண்ணிக்குத் தெரியும். தாகேதாவில் தச்சு வேலை செய்த கருப்பையாவுக்குத் தெரியும். அரசாங்க அலுவலகப் பேரேட்டில் மட்டும் இரண்டு என்று இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருஷமாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். யோசித்துக்கொண்டே காலத்தை ஓட்டுவது எனக்குப் பழைய வழக்கம். அது இந்தக் கதையிலேயே வரும்.

அண்ணன் ஆற்றங்கரையில் ஒரு சரக்குக் கிடங்கில் எழுத்தர். மிஷன் பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும். மூட்டையில் குறி இல்லாவிட்டால் அது மூட்டையே இல்லை என்பார். "குறி இல்லாத மூட்டை கண்ணு முன்னால கிடந்தாலும் கிடையாது ஸயா. குறி இருக்கிற மூட்டை கப்பலோட முழுகிப் போனாலும் இருக்கு." நான் அப்போது பர்மிய மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊர்க்காரர்களைப் போல அவரும் என்னை ஸயா என்றுதான் கூப்பிடுவார், வாத்தியார் என்ற அர்த்தத்தில். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

துப்பாக்கி அவர் அப்பா வழியாக வந்தது. ரயில் எஞ்சின் ஓட்டிய அந்த மனிதருக்கு, ஊர் திரும்பிய வெள்ளைக்கார மரக்கம்பெனிக்காரர் ஒருவர் சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போனது. சின்னத் தோட்டா போடுகிற வேட்டைத் துப்பாக்கி. புலி, கரடி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்ததும் ரயிலேறி மாவ்பிக்குப் போவார். அங்கே கோ டின் என்ற விவசாயியின் கடலைக் காட்டில் முயல் தொந்தரவு. கிடைத்தால் முயல், அதிர்ஷ்டம் இருந்தால் காட்டுக்கோழி. கிடைக்காத நாளில் கோ டின் கொடுக்கும் பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்புவார். மாடிப்படியில் ஏறும்போதே அண்ணி மேலிருந்து கேட்பார்: "என்ன, இன்னைக்குப் பூசணிக்காயைச் சுட்டுட்டு வந்தீங்களா? ஓடுச்சா, இல்ல உக்காந்தே இருந்துச்சா?"

எண்பத்தாறில் கிடங்கில் மூட்டை சரிந்து அவருடைய வலது தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. அதன் பிறகு துப்பாக்கியைத் தோளில் வைக்கவே முடியவில்லை. அதன் பிடிக்கட்டை கனத்த கறுப்பு வால்நட் மரம். பின்முனையில் உள்ளங்கை அளவு இரும்புப் பட்டம் வேறு. சுடும்போது உதைப்பது ஒன்றும் பெரிசில்லை. அந்த இரும்பு எலும்பின் மேல் போய் உட்காருவதுதான் வேதனை. வரப்பில் இரண்டு மைல் நடப்பதற்குள் முகம் வெளுத்துவிடும் என்று கோ டின் சொன்னார்.

கனம் குறைந்த வேறொரு துப்பாக்கியைக் கைமாற்றி வாங்கிக்கொள்ள அண்ணன் பணம் சேர்த்துவைத்திருந்தார், எல்லாம் எழுபத்தைந்து கியாட் நோட்டாக. எண்பத்தேழு செப்டம்பரில் அந்த நோட்டு ஒரே நாளில் செல்லாமல் போனது. அவர் அழவெல்லாம் இல்லை. தோட்டாப் பெட்டியின் உள்பக்கத்தில் அந்த நோட்டுகளை வரிசையாக ஒட்டினார். "இப்பத்தான் ஸயா, நாட்டிலேயே விலை ஒசந்த பெட்டி என்கிட்ட இருக்கு" என்றார்.

பிறகு, இருக்கிற துப்பாக்கியையே கையில் காசில்லாமல் எப்படிச் சீர் செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தார். எண்பத்தெட்டின் முதல் மூன்று மாதமும் அந்த வீட்டில் இதே பேச்சுதான். ஒருநாள் அண்ணியின் ரப்பர் செருப்பில் ஒன்று மட்டும் காணாமல் போனது. "ஒத்தச் செருப்பைத் திருடிட்டுப் போயிருக்கான் பாருங்க தம்பி. வந்தவனுக்கு ஒத்தைக் காலு போலிருக்கு" என்று என்னிடம் வாசலில் நின்று புலம்பினார். உள்ளே அண்ணன் அதை மூன்று துண்டாக அறுத்து ஒட்டிக்கொண்டிருந்தார், இரும்புப் பட்டத்துக்குப் பதில் தோளில் மெத்தென்று உட்காருவதற்கு. தோள்வாருக்கு ஒரு பழைய ஷான் தோள்பையின் நாடா. குறி பார்க்கிற முன்முனை மங்கலில் தெரிவதில்லை என்று அதன் மேல் மகள் ஷாரோனின் நகப்பூச்சில் ஒரு சொட்டு. சிவப்பு. பன்னிரண்டு வயது ஷாரோன் அந்தப் புட்டியை அதற்குப் பிறகு பள்ளிப் பையிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

கட்டைதான் பெரிய வேலை. அதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு தாகேதாவுக்குப் போனார். கருப்பையா படகுக்கும் கட்டிலுக்கும் மரம் இழைப்பவர். மிச்சத்தில் யமனே மரத்துண்டு ஒன்று அவரிடம் கிடந்தது. நம் பக்கத்தில் குமிழ மரம் என்பது அதுதான். வெளேரென்று இருக்கும், தூக்கினால் வெறுங்கை போல இருக்கும். பழைய கட்டையைப் பக்கத்தில் வைத்து அளவெடுத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை இழைத்தார். கூலி வேண்டாம், முதல் முயலில் ஒரு தொடை போதும் என்று பேச்சு.

பழைய கட்டையின் இடப்பக்கத்தில் சூட்டுக்கோலால் பொசுக்கிய எண் ஒன்று இருந்தது: 417. ஐம்பத்தாறில் உரிமம் கொடுத்தபோது அலுவலகத்தில் போட்ட சூடு.

கருப்பையா அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "அண்ணே, இதை மட்டும் ஒரு சில்லு செதுக்கி எடுத்துப் புதுசுல பதிச்சுத் தரட்டா?"

"எதுக்கு? வெள்ளைச் சட்டையில கறுப்பு ஒட்டுப் போட்டாப்ல இருக்கும்."

"நம்பராச்சேண்ணே."

"பழைய கட்டை எங்கே போகப்போவுது? கட்டிலுக்குக் கீழ பத்திரமா இருக்கும். கேட்டா எடுத்துக் காட்டுறேன்."

குறி இல்லாத மூட்டை மூட்டையே இல்லை என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் சொன்னது இது. பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அந்த வெள்ளைக் கட்டை அவ்வளவு அழகாக இருந்தது.

தாமுவே சந்தையில் மீன்காரியின் தராசில் நிறுத்துப் பார்த்தோம். துணியில் சுற்றித்தான். முன்பு நிறுத்ததைவிடக் கால் வீசை குறைந்திருந்தது. "என்ன மீனுங்க இது, இவ்வளவு நீட்டமா?" என்றாள் அவள். அண்ணன் சிரித்த சிரிப்பில் தராசே ஆடியது. அந்த ஏப்ரலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாவ்பியிலிருந்து வெறுங்கையோடு வரவில்லை. கருப்பையாவுக்குத் தொடை போனது. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நகரத்தில் மாணவர்களுக்கும் பட்டாளத்துக்கும் நடந்ததை நான் இங்கே எழுதவில்லை. எழுதத் தைரியமும் இல்லை. கடை திறக்கவில்லை, ரயில் ஓடவில்லை, கரி வரவில்லை. இந்தக் கதைக்கு வேண்டியது அவ்வளவுதான். அண்ணியின் வீட்டில் இரண்டு தெரு தள்ளியிருந்த உறவுக்காரர்களும் வந்து தங்கி, மொத்தம் பதினோரு பேர் இருந்தார்கள். இருந்த அரிசியைக் கஞ்சியாக்கி எங்களுக்கும் கொடுத்தார்கள். நானும் குடித்தேன்.

அக்டோபரில் எங்கள் வட்டாரத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் குறித்த தேதிக்குள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அண்ணன் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. தையல் மிஷின் எண்ணெய் போட்டுத் துடைத்து, புதுப் பெண்ணை அனுப்புவது போலத் துணி சுற்றி எடுத்துக்கொண்டார். படிவம் நிரப்ப நானும் கூடப் போனேன்.

அதிகாரி மரியாதையான மனிதர். "உட்காருங்க, ஊ சூசைராஜ்" என்று பெயருக்கு முன்னால் 'ஊ' போட்டுத்தான் பேசினார். உரிமப் புத்தகத்தைத் திறந்து பர்மிய மொழியில் உரக்கப் படித்தார். கறுப்புக் கட்டை, இரும்புப் பட்டம், இடது பக்கம் சுட்ட எண் நானூற்றுப் பதினேழு. பிறகு மேஜை மேல் கிடந்ததைப் பார்த்தார். வெள்ளைக் கட்டை. ரப்பர். சிவப்புப் பொட்டு.

"இது யாருடையது?"

"என்னுடையதுதான், ஐயா."

"அப்படியானால் புத்தகத்தில் இருப்பது எங்கே?"

"அதுவும் இதுதான்."

அவர் கோபப்படவில்லை. புத்தகத்தைத் திருப்பி எங்கள் பக்கமாக வைத்தார். குழலில் கம்பெனி எண் இருந்தது. ஆனால் புத்தகத்தில் அந்தக் கட்டம் காலி. ஐம்பத்தாறில் எழுதிய யாரோ ஒரு குமாஸ்தா நிரப்பாமல் விட்டிருந்தார். ஆக, அரசாங்கத்துக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அந்தச் சூடுதான். அது இருந்தால் துப்பாக்கி ஒன்று. இல்லாவிட்டால் இரண்டு. உரிமமில்லாமல் வைத்திருந்த ஒன்று, ஒப்படைக்காமல் ஒளித்த இன்னொன்று.

"ஒரு வாரம் தருகிறேன். அந்தக் கட்டையைக் கொண்டுவாருங்கள்" என்றார்.

வெளியே வந்தபோது அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தார். "நியாயமாத்தான் கேக்குறாரு. அந்த நாற்காலியில நான் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். கட்டிலுக்குக் கீழதானே இருக்கு."

கட்டிலுக்குக் கீழே இல்லை. இரண்டு டிரங்குப் பெட்டியையும் வெளியே இழுத்துப் போட்டார், பாயை உதறினார். அண்ணி சமையல் கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன தேடுறீங்க?"

"கட்டை. கறுப்பா, வளைவா."

அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கரி இல்லையேன்னு..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். "நல்லா எரிஞ்சுச்சு. எண்ணெய் குடிச்ச மரம். ரெண்டு வேளைக் கஞ்சி அதுலதான் காய்ச்சினேன்."

அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நாங்கூடக் குடிச்சேன்ல?" என்று மட்டும் கேட்டார்.

இரும்புப் பட்டம் எரியவில்லை. சாம்பல் வாளிக்குப் பக்கத்தில் கிடந்தது. அண்ணி அதை வைத்துத்தான் பானை அடி சுரண்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எங்களுக்கு உயிர் வந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று யோசனை சொன்னது நான்தான். இதை மறைக்க விரும்பவில்லை. புத்தகத்தில் இரும்புப் பட்டம் என்று இருக்கிறதே, அதுவே சாட்சி என்று நினைத்தேன்.

அதிகாரி பட்டத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஆக, அந்தத் துப்பாக்கி சமீபகாலம்வரை உங்கள் வீட்டில் இருந்திருக்கிறது" என்று எழுதிக்கொண்டார். அதுவரை காணோம் என்றிருந்தது, அன்றையிலிருந்து கழற்றி ஒளித்தது என்றானது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

கடைசியாக ஒரே ஒரு வழி கொடுத்தார். பழைய கட்டையையும் புதிய கட்டையையும் நேரில் பார்த்தவர்கள் இரண்டு பேர் வந்து, இரண்டும் ஒரே துப்பாக்கிதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள். வீட்டுக்காரர்கள் செல்லாது. கோ டினைக் கேட்க அண்ணி மாவ்பிக்கே போய் வந்தார். அவர் அழுதுவிட்டாராம். பிள்ளைகுட்டிக்காரன், என்னை விட்டுவிடுங்கள் என்றாராம். மீதி இருந்தது கருப்பையாவும் நானும்.

என்னுடைய பாஸ்போர்ட் விண்ணப்பம் அப்போது போயிருந்தது. மெட்ராஸில் மைத்துனர் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். நன்னடத்தைச் சான்று வர வேண்டியது அதே அலுவலகத்திலிருந்து. எந்த அலமாரியில் என் காகிதம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். அதிகாரிக்குப் பின்னால், இடமிருந்து மூன்றாவது.

புதன்கிழமை காலை அண்ணி வந்தார். உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அவரு உங்ககிட்டக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. நானாத்தான் வந்தேன். நான் எரிச்சது. என்னைப் பிடிச்சிட்டுப் போங்கன்னாலும் கேக்க மாட்டேங்கிறாங்க. ஒரு கையெழுத்து. நீங்க பாத்ததைத்தான் சொல்லப்போறீங்க, பொய் இல்லையே?"

"பொய் இல்ல அண்ணி."

"வெள்ளிக்கிழமை காலையில வர்றீங்களா?"

"நாளைக்குப் பாத்துச் சொல்றேன் அண்ணி."

அந்த 'நாளைக்கு' நான் வீட்டில் இல்லை. தாகேதாவில் என் அத்தை வீட்டுக்குப் போய்விட்டேன். உடம்பு சரியில்லை என்று சொல்லி வெள்ளிக்கிழமை மாலைவரை அங்கேயே இருந்துவிட எண்ணம். வெள்ளிக்கிழமை காலை இருப்புக் கொள்ளவில்லை. தாகேதா பாலம்வரை நடந்தேன். அங்கே கருப்பையா எதிர்ப்பட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய், தாமுவே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஸயா, நீங்களும் அங்கதானே? வாங்க, சேர்ந்தே போயிருவோம்."

"நீங்க முன்னால போங்க. நான் பின்னால வர்றேன்."

"நேரமாயிருச்சு, சீக்கிரம் வந்துருங்க. ரெண்டு பேரு வேணுமாம்ல" என்று சொல்லிவிட்டு அவர் போனார். பாலத்தின் அந்தக் கோடியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.

கருப்பையா மாலை ஐந்து மணிவரை அந்த அலுவலக வராந்தாவில் எனக்காகக் காத்திருந்திருக்கிறார். பிறகு தனியாக உள்ளே போய்க் கைநாட்டு வைத்தார். சாட்சி ஒன்றுதான், அதனால் செல்லவில்லை. ஆனால் அனுமதியில்லாமல் துப்பாக்கியை மாற்றியமைத்தேன் என்று அவரே சொன்னது மட்டும் செல்லுபடியானது. அவருக்கு ஆறு மாதம். அண்ணனுக்கு ஏழு வருஷம்.

எனக்குப் பாஸ்போர்ட் மார்ச்சில் வந்தது.

மெட்ராஸில் இருபது வருஷம். முதல் சில வருஷம் அண்ணிக்குக் கடிதம் எழுதினேன். அந்த நாட்டிலிருந்து எனக்குத் தபால் வருவதே பயமாக இருந்தது, பிறகு நின்றுவிட்டது. நிறுத்தியது நான்தான். இரண்டாயிரத்து ஒன்பது டிசம்பரில், பழைய குடும்பப் பத்திரம் ஒன்றுக்காக இரண்டு வாரம் யாங்கோன் போக வேண்டி வந்தது. தாமுவேயில் அதே படிக்கட்டு. கதவைத் திறந்தது ஷாரோன். முப்பது தாண்டியிருந்தாள். என்னை அடையாளம் தெரியாமல் பர்மிய மொழியில் யார் வேண்டும் என்று கேட்டாள். பெயரைச் சொன்னதும் தமிழைத் தேடித் தேடிப் பேசினாள்.

அண்ணி தொண்ணூற்றிரண்டிலேயே இறந்துவிட்டாராம், அண்ணன் உள்ளே இருக்கும்போதே. "அம்மா அந்தக் கட்டையை எரிச்சதுக்கப்புறம் அடுப்புல வெறகு வைக்கும்போது ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் வைப்பாங்க. சோறு ஆக மணியாயிடும்" என்றாள் ஷாரோன்.

அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தோள் இன்னும் கோணலாக இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஸயா! வழுக்கை விழுந்துருச்சே! மெட்ராஸ் தண்ணியா?"

தின்ன லப்பே வந்தது, ஊறவைத்த தேயிலை. மைத்துனரைக் கேட்டார், மழையைக் கேட்டார், நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் யார் யார் எங்கே என்று சொன்னார். அதைத் தவிர எல்லாம் பேசினோம். நான்தான் ஒரு கட்டத்தில் தாங்காமல், "அண்ணே, அந்தக் கணக்கு முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"எங்கே முடியும்? ஒண்ணு அவங்ககிட்ட இருக்கு. இன்னொண்ணு கிடைக்கல. ஏழு வருஷம் இருந்தது அதை வச்சிருந்ததுக்கு. அது எங்கேங்கிறது தனிக் கணக்கு. வருஷா வருஷம் டிசம்பர்ல எழுதிக் குடுக்கணும்."

"நான் இப்ப கையெழுத்துப் போடுறேன் அண்ணே. இருபது வருஷம் கழிச்சாவது போடுறேன். நான் பாத்தேன்னு எழுதித் தர்றேன்."

இதைச் சொல்ல நான் விமானத்திலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் கிடங்கில் மூட்டை எண்ணும்போது வைத்துக்கொள்ளும் முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"கருப்பையா போன வருஷம் தவறிட்டான் ஸயா. இப்ப நீங்க போட்டாலும் ஒருத்தர்தான். ரெண்டு பேரு வேணும்."

கீழே தெருவில் ஒருத்தி மொஹிங்கா நூடுல்ஸ் விற்றுக்கொண்டு போனாள். பிறகு அவர் ஷாரோனிடம் மேஜை இழுப்பறையைக் காட்டினார். அவள் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் போன வருஷக் கடிதத்தின் நகலும் எடுத்து வந்தாள். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது. அது முத்து முத்தான கையெழுத்தாக இருந்த காலம் எனக்குத் தெரியும்.

"கை நடுங்குது. இந்த வருஷத்துக்கு நீங்க எழுதித் தந்துருங்க. போன வருஷம் மாதிரியேதான், தேதி மட்டும் மாத்தணும்."

எழுதினேன். எண் நானூற்றுப் பதினேழு, கறுப்புக் கட்டை, இரும்புப் பட்டம் கொண்ட துப்பாக்கி இந்த ஆண்டும் கிடைக்கவில்லை. கிடைத்தால் உடனே ஒப்படைப்பேன். மூன்று வரி. அவர் தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் படித்தார். கீழே தன் பெயரை நடுங்கி நடுங்கி எழுதினார். பேனாவை மூடிய பிறகு நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

"எழுதுனது யாருன்னு கேக்க மாட்டாங்க ஸயா" என்றார். "உங்க பேரு எங்கயும் வராது. பயப்படாதீங்க."